செல்லியம்மன் ஓடைத் தவளைகள்

எங்கள் ஊரில் செல்லியம்மன் காட்டு ஓடைக்குத் தண்ணீர் எடுக்கப் போகிறவர்கள், போனதும் குடத்தை இறக்கிவிட மாட்டார்கள். துறையில் குந்தி முதலில் தவளையைத் தேடுவார்கள். ஈரக் கல் இடுக்கிலோ வேருக்கடியிலோ கட்டைவிரல் நகமளவுக்கு ஒன்று கண்ணில் பட்டுவிட்டால் போதும், குடத்தைச் சாய்க்கலாம். படவில்லை என்றால் அன்றைக்கு அம்மன் தண்ணீர் தரவில்லை என்று அர்த்தம். வெறுங்குடத்தோடு திரும்பிவிட வேண்டும். தவளை முகம் பார்ப்பது என்று இதற்குப் பேர். நெற்றிப் பொட்டளவுக்கு இருப்பதால் பொட்டுத்தவளை என்று அதற்கும் ஒரு பேர் வைத்திருந்தோம்.

சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். நான் கலைவேந்தன், விவசாய டிப்ளமோ படித்தவன், மூன்று காணி கரும்பு வைத்திருக்கிறவன். எனக்கு அந்த வழக்கத்தில் ரொம்பப் பெருமை. சோரியாங்குப்பத்தைச் சுற்றி கடல் உப்பு நிலத்துக்குள் ஏறிவிட்டது. போர்வெல் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. கொம்யூன் பஞ்சாயத்துக் குழாயில் வருவதும் கரிக்கும். இலுப்பை மரத்தடியில் ஊற்றாகக் கிளம்பி, காட்டுக்குள்ளேயே முந்நூறு அடி ஓடி, பெண்ணையாற்றில் விழுகிற அந்த ஓடைத் தண்ணீர் மட்டும்தான் இனிக்கும். கேன் தண்ணீர் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குக் கிண்டல்தான். "பிளாஸ்டிக்கக் காசு குடுத்துக் குடிக்கிறியாடா?" என்பேன். அந்த வாயை இப்போது நினைத்தால் என்னையே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

போன ஐப்பசியில் பிரிட்டோ என்று ஒருவர் வந்தார். முப்பது வயசு இருக்கும், தவளை ஆராய்ச்சிக்காரர். இந்தக் காட்டில் இன்னின்ன பூச்சி, இன்னின்ன தவளை என்று எழுதிக்கொண்டு போக வந்தவர் பொட்டுத்தவளையைப் பார்த்ததும் ஓடையிலேயே முட்டி போட்டுவிட்டார். இந்த மாதிரித் தவளை மலைக்காட்டு ஓடைகளில்தான் வாழும், சமவெளியில் இருப்பதாக யாரும் எழுதியதே இல்லை என்றார். பழைய காடெல்லாம் அழிந்தும் அம்மன் பேரைச் சொல்லி மிஞ்சின இந்தப் பத்து காணிக்குள் எப்படியோ தங்கிவிட்டதாம்.

"இது தோலாலயே தண்ணி குடிக்கும்ணா. தண்ணில பூச்சி மருந்து கலந்தா மொதல்ல சாவுறது இதான்," என்றார்.

"அதான் நாங்க தவள மொகம் பாக்குறோம், தம்பி. படிக்காதவன் கண்டுபுடிச்சது பாத்தீங்களா," என்றேன் நான்.

அவர் சிரித்தார். ஆனால் கொஞ்ச நேரம் கழித்து, "பெருசுங்கதான் கண்ல படுது. தலப்பிரட்ட ஒண்ணு கூட இல்லியே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கெண்டை தின்றிருக்கும் என்றேன். இரண்டு பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பேனாவால் தேதி எழுதிப் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு அப்போது வீட்டில் வேறு வேலை இருந்தது. என் தங்கை மஞ்சுளாவுக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆகியிருந்தது. மதகடிப்பட்டில் செல்போன் கடை வைத்திருக்கும் நவீன்குமாருக்கு அவளைக் கொடுத்திருக்கிறோம். எங்களுக்கு அப்பா அம்மா இல்லை. வளைகாப்பு போட்டு என் வீட்டுக்குத்தான் அழைத்து வந்தோம், என் பெண்டாட்டி மகாலட்சுமிதான் பிரசவத்துக்குக் கூட இருந்து பார்த்துக்கொண்டாள். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷமாகப் பிள்ளை இல்லை. இதைச் சொல்லாவிட்டால் நான் அந்தக் குழந்தையை எப்படித் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன் என்பது யாருக்கும் புரியாது.

இருபதாம் நாள் மஞ்சுளாவுக்கு மார்பில் சீழ்க்கட்டு வந்து அறுக்க வேண்டியதாகிவிட்டது. ஜுரம், ஊசி, மாத்திரை எல்லாம் ஓய்வதற்குள் பால் வற்றிப்போனது. பவுடர் பால் எழுதிக் கொடுத்தார்கள். "குழாத் தண்ணில கலக்கிக் குடுத்தா கொழந்த உப்பு குடிச்ச மாதிரிதான்," என்று அவள் கலங்கினாள்.

"தாய்மாமன் எதுக்கு இருக்கேன்? தண்ணிய நான் பாத்துக்கறேன் போ," என்றேன்.

அதிலிருந்து தினம் காலையில் நானே குடத்தை எடுத்துக்கொண்டு காட்டுக்குப் போனேன். ஆண்பிள்ளை குடம் தூக்குகிறான் என்று தெருவில் சிரித்தார்கள். துறையில் குந்தித் தவளை முகம் பார்ப்பேன். ஒரு நாளும் அது எனக்கு இல்லை என்று சொன்னதில்லை. சில நாள் இரண்டு மூன்றாகக் கல்லின்மேல் உட்கார்ந்திருக்கும். என் மருமகளுக்கு அம்மனே பால் கரைக்கத் தண்ணீர் தருகிறாள் என்று எனக்குக் கண் கலங்கும்.

கார்த்திகை பிறந்து ஒரு வாரம் இருக்கும். குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்த மகாலட்சுமி என்னைக் கூப்பிட்டாள். "உதட்டப் பாருங்க, நாவப்பழம் தின்ன மாதிரி இருக்குது," என்றாள். குளிர்தான் என்று துணி சுற்றினோம். மத்தியானம் நகமும் நீலமாகிவிட்டது. குழந்தை அழவில்லை, அழுவதற்கே அதற்குத் தெம்பில்லாததுபோல வாயைத் திறந்து திறந்து மூடியது. நவீன்குமார் கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். கார் பிடித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

அங்கே மூக்கில் ஆக்சிஜன் வைத்தார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். ரத்தம் எடுத்த நர்சு, "என்னா இது, இவ்ளோ கறுப்பா வருது," என்று குழாயைத் தூக்கிப் பார்த்தார். அன்றைக்கு அந்த வார்டில் ஒரே கூட்டம். அவர் சொன்னது யார் காதிலும் ஏறவில்லை, என் காதில் ஏறியும் எனக்கு விளங்கவில்லை. ஆனால் இரண்டு நாளில் நிறம் திரும்பிவிட்டது. மூன்றாம் நாள் குழந்தை என் சுண்டுவிரலைப் பிடித்து இழுத்தது. மஞ்சுளா சிரித்தாள், அழுதாள், மறுபடி சிரித்தாள்.

இருதயத்தில் ஓட்டை இருக்கலாம், பத்து நாள் கழித்து ஸ்கேனுக்கு வாருங்கள் என்று சீட்டு எழுதினார் டாக்டர். பால் எப்படிக் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்டார். ஆஸ்பத்திரியில் இருந்தவரை அவர்கள் தண்ணீரில்தான் பால் கரைத்தோம், அது எனக்கு நினைவில் தட்டவேயில்லை.

"சுத்தமான தண்ணி டாக்டர். காய்ச்சித்தான் குடுக்கறோம்," என்றேன்.

"நல்லா கொதிக்க வைங்க, கிருமி இருந்தா இது தாங்காது," என்றார்.

அவர்மேல் எனக்குக் கோபமில்லை. எந்தத் தண்ணீர் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தாலும் எங்கள் ஓடையைப் பற்றி அரை மணி நேரம் பெருமை அடித்திருப்பேன்.

வீட்டுக்கு வந்ததும் நல்லா கொதிக்க வைக்கிற வேலையை நானே எடுத்துக்கொண்டேன். பிள்ளைக்கு என்றால் எங்கள் பக்கம் சுண்டக் காய்ச்சுவார்கள். வெறுமனே கொதித்தால் போதாது, பாதியாகக் குறைய வேண்டும். அலுமினியப் பானையில் நாலு லிட்டர் ஊற்றி, கரும்புச் சோகையையும் மட்டையையும் வைத்து எரித்து, இரண்டு லிட்டராகச் சுண்டும்வரை அடுப்பைவிட்டு நகரமாட்டேன். மகாலட்சுமி வந்து பார்த்து, "கேஸ்லயே வெக்கலாம் இல்ல?" என்றாள். விறகில் காய்ச்சினால்தான் கிருமி சாகும் என்று அவளுக்குப் பாடம் எடுத்தேன். வேர்வை கண்ணில் வழிய, புகையில் இருமிக்கொண்டு, குழந்தையைக் காப்பாற்றுகிறேன் என்ற நினைப்பில் உட்கார்ந்திருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு கவனமாகச் செய்த வேலை வேறொன்று இல்லை.

நாலாம் நாள் விடிந்ததும் மஞ்சுளா கத்தினாள். இந்தத் தடவை உதடு மட்டுமல்ல, உடம்பு முழுக்கச் சாம்பல் நிறம். முந்தின இரவு எங்கள் வீட்டில் தங்கியிருந்த நவீன்குமார் பைக்கை ஓட்ட, நான் பின்னால் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கிருமாம்பாக்கத்தில் கடலூர் ரோட்டைத் தொடும்போது என் சட்டைமேல் பட்டுக்கொண்டிருந்த மூச்சு நின்றது. மாப்பிள்ளையிடம் சொல்லவில்லை. ஆஸ்பத்திரி வாசல்வரை அவர் ஓட்டட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஓட்டைதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். ஸ்கேனுக்குக் கொடுத்த தேதி வருவதற்கு ஆறு நாள் இருந்தது. பெண்ணையாற்றங்கரையில் புதைத்தோம். மஞ்சுளா மதகடிப்பட்டுக்குப் போய்விட்டாள். போகும்போது என்னைக் கட்டிக்கொண்டு, "உன்ன மாரி யாரும் பாத்திருக்க முடியாதுணா," என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்கப்புறம் அவள் யாருடனும் சரியாகப் பேசவில்லை, போன் செய்தால் எடுக்கமாட்டாள்.

மார்கழியில் பிரிட்டோவிடமிருந்து போன் வந்தது. கரும்புக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தேன்.

"அண்ணா, அந்தத் தண்ணி ரிசல்ட் வந்துடுச்சு. நைட்ரேட் நாப்பத்தஞ்சுக்கு மேல இருக்கக் கூடாது. இதுல இருநூத்தி பத்து இருக்குது. ஊர்ல யாரும் கைக்கொழந்தைக்கு இந்தத் தண்ணி குடுக்கலியே?"

"ஏன் தம்பி?" என்றேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாது. ஆறு மாசத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு ரத்தம் மூச்சைச் சுமக்கிற சக்தியை இழந்துவிடும், உடம்பு நீலமாகும். காய்ச்சினாலும் போகாது, காய்ச்சக் காய்ச்ச நீர்தான் ஆவியாகும், நஞ்சு அப்படியே கெட்டியாகும். தவளைக்கும் அதே கதைதான் என்றார். வளர்ந்த தவளை எப்படியோ தாக்குப்பிடிக்கும், தலைப்பிரட்டை பிழைக்காது. குஞ்சு ஒன்றுகூட இல்லாததைப் பார்த்துத்தான் அவருக்குச் சந்தேகம் வந்திருக்கிறது.

"எங்கேருந்து வருது இது?"

"மேக்கால யாரோ யூரியா நெறைய போடுறாங்க போல. மழைக்கு முன்னாடி போட்டிருந்தா மொத்தமும் ஊத்துக்கு எறங்கியிருக்கும்."

காட்டுக்கு மேற்கே என் மூன்று காணிதான் இருக்கிறது. பிரிட்டோ வருவதற்குச் சில வாரம் முன்புதான், மழை வரப்போகிறது என்று போனில் பார்த்துவிட்டு, வழக்கத்தைவிட ஒரு மடங்கு கூடவே யூரியா போட்டேன். டிப்ளமோ படித்தவன் அல்லவா. யாரும் குழந்தைக்குக் கொடுக்கவில்லை என்று பிரிட்டோவிடம் பொய் சொல்லிவிட்டு, சோகைமேல் உட்கார்ந்து வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதேன்.

மகாலட்சுமியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். பிறகு, "மஞ்சுளா காதுக்குப் போவக் கூடாது. போனா அவளும் செத்துடுவா," என்றாள். நானும் சரி என்றேன். ஆனால் ஊருக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கொம்யூன் ஆபீசில் எழுதிக் கொடுத்தேன், ஓடைக்கரையில் 'குடிக்க உகந்ததல்ல' என்று ஒரு போர்டு வைத்தார்கள். காட்டை எவனோ பிளாட் போடப் பார்க்கிறான், அதற்குத்தான் இந்த வேலை என்று இரண்டே நாளில் ஊர்க்காரர்கள் அதைப் பிடுங்கி ஆற்றில் எறிந்தார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது, அப்படி நடந்த ஊர்கள் உண்டு.

தை மாசம் சகாயராணிக்குப் பிள்ளை பிறந்தது. காலனியில் இருக்கிற பெண், முன்பு எங்கள் கரும்பில் களை எடுத்தவள். புருஷன் ஜெயசீலன் இப்போது கம்பெனி வேலைக்குப் போகிறான். சிசேரியன், பால் சுரக்கவில்லை, பவுடர்தான் என்று மகாலட்சுமி கேட்டுக்கொண்டு வந்தாள். மறுநாள் காலையில் சகாயராணி இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெதுவாகக் குடத்தோடு போவதை என் வயலிலிருந்து பார்த்தேன். ஓடினேன்.

"சகாயம், இந்தத் தண்ணி வாணாம்மா. கொழந்தைக்கு ஆவாது. எங்க பாப்பா இதாலதான் போச்சு."

அவள் துறையில் குந்தியபடியே நிமிர்ந்து பார்த்தாள். "உங்க மருமவளுக்கு இருதயத்துல ஓட்டன்னு சொன்னீங்களேண்ணே."

"இல்லம்மா. தண்ணிதான்."

"தவள இருக்குதே," என்று கல்லைக் காட்டினாள். இரண்டு உட்கார்ந்திருந்தன. "எங்க சாமி வேற, ஆனா நாங்களும் மொகம் பாத்துத்தான் எடுக்கறோம். நாங்க இந்தத் தொறைக்கு வரக் கூடாதுன்னு ஆறு வருஷம் கேசு நடத்துனீங்க. அதுல தோத்துட்டு போர்டு வெச்சீங்க. இப்போ செத்த கொழந்தையக் கூட இழுக்குறீங்களே, உங்களுக்கே நல்லா இருக்குதா?"

மேல்துறையில் காலனிக்காரர்கள் கால் வைக்கக் கூடாது என்று கத்தினவர்களில் நானும் ஒருவன். அந்த மனுவில் என் கையெழுத்து நாலாவதாக இருக்கும். அவள் ஏன் என்னை நம்ப வேண்டும்? குடத்தை நிரப்பி இடுப்பில் ஏற்றிக்கொண்டு அவள் போனாள். காசு கொடுத்துக் கேன் வாங்கி அவள் வீட்டு வாசலில் வைத்துப் பார்த்தேன். ஜெயசீலன் அதைக் கொண்டுவந்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனான்.

டாக்டர் சொன்னால் கேட்பார்கள், பிரிட்டோ வந்து சொன்னால் கேட்பார்கள் என்று மகாலட்சுமி சொன்னாள். போன் செய்ததும் பிரிட்டோ அடுத்த வாரம் வருகிறேன் என்றார். என் மருமகள் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்து நாலே நாளில் போனவள். அடுத்த வாரம்வரை எனக்குப் பொறுக்கவில்லை. அந்தத் துறையில் எல்லாரும் நம்புகிற சாட்சி ஒன்றுதான், அது மனுஷன் இல்லை.

முதலில் தவளைகளை ஒரு வாளியில் பிடித்துக் கொண்டுபோய் ஆற்றில் விட்டேன். மறுநாள் ஓடையில் அவை இருந்தன, அதே தவளைகளோ வேறோ தெரியவில்லை. ஆகவே அதற்கடுத்த நாள் உச்சி வெயிலில், யாரும் வராத நேரத்தில், யூரியாக் கோணியை எடுத்துக்கொண்டு போனேன். அடியில் நாலு கை யூரியா மிச்சமிருந்தது. அதைக் கொட்டாமல் கோணியிலேயே விட்டேன், தவளைத் தோலுக்கு அதுவே போதும்.

அவை ஓடவில்லை. தலைமுறை தலைமுறையாக மனுஷ முகம் பார்த்துப் பழகியவை, நான் குந்தியதும் கல்லின்மேல் வந்து உட்கார்ந்தன. ஒவ்வொன்றாக எடுத்துக் கோணியில் போட்டேன். கையில் குளிர்ந்த ஈரமாக ஒரு துடிப்பு இருக்கும், அவ்வளவுதான். குழந்தையின் சுண்டுவிரல் பிடி நினைவுக்கு வந்து வந்து போனது. வேரை விலக்கி, கல்லைப் புரட்டி, சருகைக் கிளறித் தேடினேன். மூன்று மத்தியானம் அப்படிப் போனது. கோணியின் வாயைக் கட்டி வெயிலில் போட்டுவிட்டு, அது அசைவது நிற்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். பார்க்காமல் வந்துவிட எனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

நாலாம் நாள் காலை சகாயராணி வந்தாள். நான் இலுப்பைக்குப் பின்னால் நின்றேன். அவள் குந்திப் பார்த்தாள். துறை மாற்றிப் பார்த்தாள். இரு கையாலும் தண்ணீரைத் தட்டிப் பார்த்தாள். வேறு இரண்டு பெண்கள் வந்தார்கள், மூன்று பேரும் ரொம்ப நேரம் தேடினார்கள். பிறகு வெறுங்குடத்தோடு போனார்கள். அன்றைக்கு மாலையே ஜெயசீலன் சைக்கிளில் கேன் கொண்டு போனதைப் பார்த்தேன்.

நான் கோணி தூக்கிப் போனதைப் பூசாரி முத்துசாமி பார்த்திருக்கிறார். ஊர் கூடிற்று. ஒத்துக்கொண்டேன். ஏன் என்று சொன்னேன், ஒருவரும் காதில் வாங்கவில்லை. பிள்ளை செத்ததில் இவனுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று சிலர் பரிதாபப்பட்டார்கள். கோயிலுக்குள் நான் வரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. பிரிட்டோ சொன்ன வாரத்தில் வந்து, ஓடையின் தலைமுதல் கால்வரை நடந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்தார். "நான் வர்ற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்ணா," என்று மட்டும் சொன்னார். அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதன்பின் அவர் வரவில்லை. ஓடையிலும் ஒரு தவளை இல்லை.

சகாயராணியின் பையன் இப்போது தவழ்கிறான். கிருமாம்பாக்கம் பஸ் நிறுத்தத்தில் ஒரு நாள் பார்த்தேன், அவள் தோளில் கொழுகொழுவென்று உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தான். அவள் முந்தானையால் அவன் முகத்தை மூடிக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாள்.

போன வாரம், பத்து மாசத்துக்கு அப்புறம், மஞ்சுளா தானாகவே போன் செய்தாள். குரல் தேறியிருந்தது. யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள்.

"பாப்பா போன கோவத்துல தவளையெல்லாம் கொன்னுட்டியாமே. அதுங்க இன்னாணா பண்ணுச்சுங்க, பாவம்?"

மகாலட்சுமி எதிரில் நின்று வேண்டாம் என்று கையை ஆட்டினாள். என்னால் இன்னொரு பொய் சொல்ல முடியவில்லை. யூரியாவிலிருந்து கோணிவரை எல்லாவற்றையும் சொன்னேன்.

"ஆஸ்பத்திரிலேர்ந்து வந்தப்புறம் பாப்பாவுக்கு நல்லா பசி எடுத்துது," என்றாள் மஞ்சுளா மெதுவாக. "கடைசிப் பால் பாட்டில மிச்சம் வெக்காம குடிச்சாணா. நாந்தான் சந்தோஷப்பட்டு இன்னொன்னு கரைச்சுக் குடுத்தேன்."

பிறகு போனை வைத்துவிட்டாள்.